சிக்னல் கோடு முழுசாக இருந்தும் நெட் ஏன் நகரவில்லை? பக்கத்து செல்களின் குறுக்கீடு பற்றி

கேள்வி இதுதான்: சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 14வது மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் நாலைந்து டவர்கள் கண்ணுக்கே தெரிகின்றன, போனிலும் கோடுகள் முழுசாக இருக்கின்றன. ஆனால் வீடியோ கால் விட்டு விட்டு வருகிறது. கீழே இறங்கி கேட் பக்கம் நின்றால் நன்றாக ஓடுகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் "பக்கத்து டவர்களின் இன்டர்ஃபியரன்ஸ்" என்கிறார்கள். அது என்ன, அதைக் குறைக்க நிறுவனங்கள் உண்மையில் ஏதாவது செய்கின்றனவா?

அவர்கள் சொன்ன காரணம் அநேகமாகச் சரிதான். ரேடியோ வலையமைப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செல் என்பது டவரில் ஒரு திசையைப் பார்க்கும் ஆண்டெனா சேவை தரும் பகுதி. போனில் தெரியும் கோடுகள் பெரும்பாலும் உங்கள் செல்லின் சிக்னல் எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன. 4ஜியில் அந்த அளவுக்கு ஆர்எஸ்ஆர்பி என்று பெயர். வேகத்தைத் தீர்மானிப்பது இன்னோர் அளவு, எஸ்ஐஎன்ஆர். உங்களுக்கு வேண்டிய சிக்னலை ஒரு பக்கமும், வேண்டாத சிக்னல்கள் அத்தனையையும் இரைச்சலையும் கூட்டி மறுபக்கமும் வைத்தால் வரும் விகிதம் அது. உங்கள் செல் -80 டிபிஎம்மில் (சிக்னல் பலத்தின் அலகு) வந்தால் போன் கோடுகளை நிரப்பிவிடும். அதே அலைவரிசையில் பக்கத்து செல்லும் -80 டிபிஎம்மில் வந்தால் விகிதம் ஒன்றுக்கு ஒன்று, அதாவது 0 டெசிபல் (10 டெசிபல் என்றால் பத்து மடங்கு, 20 என்றால் நூறு மடங்கு). ஆடி மாதத்தில் இரண்டு அம்மன் கோவில்களின் குழாய் ஸ்பீக்கர்களுக்கு நடுவே நின்றவர்களுக்கு இந்த நிலை தெரியும்: சத்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு பாட்டும் புரியாது.

இந்தத் தொல்லை யாரோ செய்த தவறால் வந்ததல்ல. செல்போன் என்ற ஏற்பாட்டின் அஸ்திவாரத்திலேயே இருப்பது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் எழுதிய குறிப்பில் இருந்த யோசனை இதுதான்: ஊரைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரித்துவிட்டால், ஓர் அலைவரிசையைக் கொஞ்சம் தள்ளி இன்னொரு செல்லில் மறுபடியும் பயன்படுத்தலாம். இருக்கும் அலைக்கற்றை கொஞ்சம், பேச வேண்டியவர்கள் நிறைய. வேறு வழியும் இல்லை. 1983இல் சிகாகோவில் வணிகச் சேவையாக வந்த ஏஎம்பிஎஸ் முறையில் ஏழு செல்களை ஒரு கூட்டமாக வைத்து, அந்த ஏழுக்குள் ஒரே சேனல் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொண்டார்கள். இப்படிச் செய்தால், ஒரே சேனலில் பேசும் இரண்டு செல்களுக்கு நடுவே செல்லின் ஆரத்தைப் போல 4.6 மடங்கு தூரம் கிடைக்கும். குரல் தெளிவாக இருக்கத் தேவை என்று அன்று கருதிய 18 டெசிபல் அதில் கிட்டிவிடும். ஆனால் விலை பெரிது. ஒரு நிறுவனத்துக்கு இருந்ததே 333 சேனல். ஏழால் வகுத்தால் ஒரு செல்லுக்கு ஐம்பதுகூடத் தேறாது.

அந்தக் கணக்குக்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. தெருவில், கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் இடையே, ரேடியோ அலை வேகமாகத் தேய்கிறது. தூரத்தின் நான்காம் அடுக்கு விகிதத்தில் என்று வைத்துத்தான் அன்று கணக்கிட்டார்கள். தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 12 டெசிபல் குறையும். தூரத்து டவரை உங்களிடமிருந்து மறைத்துக் காப்பாற்றுவது நகரத்தின் நெரிசல்தான். 14வது மாடியில் அந்தக் காப்பு இல்லை. தரையிலிருந்து நாற்பது மீட்டருக்கு மேல், பல டவர் ஆண்டெனாக்களைவிட உயரத்தில் இருக்கிறீர்கள். எதிரே தடை எதுவும் இல்லாததால் அலை தூரத்தின் இரண்டாம் அடுக்கில்தான் தேய்கிறது. தூரம் இரண்டு மடங்கானாலும் 6 டெசிபல்தான் குறைகிறது. அதனால் அரை கிலோமீட்டரில் இருக்கும் டவரோடு ஒன்றரை கிலோமீட்டரில் இருக்கும் டவரும் உங்கள் ஜன்னலில் போட்டி போடும் பலத்தில் வந்து மோதுகிறது. எதுவும் ஓங்கி நிற்காது. போன் இந்த செல்லுக்கும் அந்த செல்லுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும். கேட் அருகே நின்றால் சரியாகிவிடுவதற்குக் காரணம், கீழே ஒரு டவர்தான் உங்களை எட்டுகிறது.

சரி, நிறுவனங்கள் என்ன செய்கின்றன? முதலில், "இவ்வளவு குறுக்கீடு என்றால் பழையபடி அலைவரிசையைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடலாமே" என்று தோன்றுவது இயல்பு. அது ஏன் கட்டுப்படியாகாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் 1948இல் தந்த சூத்திரப்படி, 0 டெசிபலில் ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு அதிகபட்சம் 1 பிட் அனுப்பலாம்; 20 டெசிபலில் 6.7 பிட். இப்போது அலைக்கற்றையை மூன்றாகப் பிரித்துப் பக்கத்து செல்களுக்கு ஆளுக்கொரு பங்கு கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். செல்லின் விளிம்பில் இருப்பவரின் விகிதம் 0 டெசிபலிலிருந்து 10 டெசிபலுக்கு ஏறினால் 3.5 பிட் கிடைக்கும். ஆனால் அலைக்கற்றை மூன்றில் ஒன்றுதான், ஆகவே கைக்கு வருவது 1.15. லாபம் சொற்பம். டவருக்கு அருகே 20 டெசிபலில் இருந்தவர் 25க்கே போனாலும் 8.3 பிட்டை மூன்றால் வகுத்தால் 2.8தான். 6.7 இருந்த இடத்தில் 2.8. விளிம்பில் இருப்பவருக்குச் சில்லறை கொடுக்க, நடுவில் இருப்பவரின் பாதிக்கு மேற்பட்ட வேகத்தைப் பிடுங்குகிறோம்.

நான் சொல்ல வருவதன் மையம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. குறுக்கீட்டை ஒழிப்பது யாருடைய நோக்கமும் அல்ல. அலைவரிசையை எல்லா செல்லிலும் பயன்படுத்துவதற்குக் கொடுக்கும் விலை அது. அந்த விலையை விளிம்பில் இருக்கும் சிலர் மட்டும் முழுசாகச் சுமக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை.

2ஜி காலத்தில் இதைச் சமாளித்த விதம் இன்றைக்கும் எனக்கு மதிப்பாகத்தான் படுகிறது. ஜிஎஸ்எம் நொடிக்கு 217 முறை அலைவரிசையை மாற்றிக்கொண்டே போகும். ஒருவரே முழு நேரமும் ஒரு மோசமான மோதலில் சிக்குவதற்குப் பதிலாக, மோதல் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிரப்படும். அங்கங்கே கெடும் துணுக்குகளைப் பிழைதிருத்தக் குறியீடு சரிசெய்துவிடும். அதோடு, பேசுபவர் வாயை மூடியிருக்கும் நேரத்தில் டிரான்ஸ்மிட்டரே அணைந்துவிடும். ஒரு சாதாரண உரையாடலில் ஒருவர் பாதி நேரம்கூடப் பேசுவதில்லை, ஆகவே இந்த ஒன்றிலேயே குறுக்கீடு கணிசமாகக் குறைந்தது. அப்புறம் வந்த சிடிஎம்ஏவில் எல்லாரும் ஒரே அலைவரிசையில், வெவ்வேறு குறியீட்டில் பேசினார்கள். அது வேலை செய்ய ஒரே ஒரு நிபந்தனை: எந்தப் போனும் தேவைக்கு மேல் ஒரு துளிகூடக் கத்தக் கூடாது. சிடிஎம்ஏவின் முதல் தரநிலையான ஐஎஸ்-95 முறையில் டவர் ஒவ்வொரு போனுக்கும் நொடிக்கு 800 முறை "கூட்டு, குறை" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. 3ஜியின் டபிள்யூசிடிஎம்ஏவில் அது 1500 முறை ஆனது.

4ஜி, அதாவது எல்டிஇ, எல்லா செல்லிலும் ஒரே அலைவரிசை என்ற துணிச்சலை எடுத்துக்கொண்டது, ஆனால் சிடிஎம்ஏவின் குறியீட்டுப் பாதுகாப்பை விட்டுவிட்டது. அதற்குப் பதிலாக அலைக்கற்றையை 180 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு மில்லிநொடியும் எந்தத் துண்டு யாருக்கு என்று முடிவு செய்யும் வசதி வந்தது. 20 மெகாஹெர்ட்ஸில் இப்படி 100 துண்டுகள். இங்கேதான் பகுதி மறுபயன்பாடு என்ற யோசனை பிறக்கிறது. நடுவில் இருப்பவர்களுக்கு எல்லாத் துண்டுகளையும் குறைந்த பவரில் கொடு. விளிம்பில் இருப்பவர்களுக்கு மட்டும், பக்கத்து செல் அடக்கி வாசிக்கும் துண்டுகளில், முழுப் பவரில் கொடு. மேலே பார்த்த கணக்கின்படி, பங்கு போடுவது விளிம்பில் மட்டுமே லாபம் என்பதால், அங்கே மட்டும் போடுகிறோம்.

இதற்குப் பக்கத்து டவர்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும். 2008 டிசம்பரில் முடிவான எல்டிஇயின் முதல் தரநிலையிலேயே எக்ஸ்2 என்ற இணைப்பு வழியாக அதற்கு மூன்று விதச் செய்திகள் வைத்தார்கள். "இந்தத் துண்டுகளில் நான் பவரைக் கூட்டப் போகிறேன்" என்பது ஒன்று. "இந்தத் துண்டுகளை என் விளிம்புப் பயனருக்குக் கொடுத்திருக்கிறேன், அவர் போன் உன் பக்கம் கத்தும்" என்பது இன்னொன்று. "உன் ஆட்களால் எனக்கு இரைச்சல் ஏறிவிட்டது" என்ற புகார் மூன்றாவது. அழகான ஏற்பாடு. ஆனால் மாலை நேரத்தில் எல்லா செல்களும் நிரம்பி வழியும்போது ஒதுக்கி வைக்கத் துண்டே இருக்காது. ஆள் இல்லாத நேரத்தில் ஒதுக்க வேண்டிய தேவையே இல்லை. இடைப்பட்ட சுமையில்தான் இது பலன் தரும்.

நிஜ நகரத்தில் குறுக்கீட்டை அதிகம் குறைத்த கருவி எது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ஆண்டெனாவின் சாய்வு என்பேன். மொத்த வித்தையும் பள்ளிக்கூடக் கோணவியல்தான். 30 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆண்டெனாவை 2 டிகிரி கீழே சாய்த்தால், அதன் கற்றையின் நடுப்பகுதி 860 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். 6 டிகிரி சாய்த்தால் 285 மீட்டரிலேயே தொட்டுவிடும். டவருக்கு டவர் 500 மீட்டர் இடைவெளி இருக்கும் நகரத்தில் 2 டிகிரி வைத்தால், அந்த செல் பக்கத்து டவரைத் தாண்டிப் போய்ப் பொழிந்துகொண்டிருக்கும். ஆரம்பத்தில் டவர்கள் குறைவாக இருந்தபோது வைத்த சாய்வை, நடுவே புது டவர்கள் முளைத்த பிறகும் மாற்றாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடப்பது. சிக்னலை அளந்துகொண்டே போகும் டிரைவ் டெஸ்ட் வண்டி ஓட்டிப் பார்த்தால், மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு செல் ஏதோ ஒரு சந்திப்பில் திடீரென்று தலைகாட்டும். அதைக் கீழே சாய்த்தால் அந்தச் சந்திப்பு சரியாகும், அந்த செல்லின் சொந்தப் பகுதியிலும் வேகம் கூடும்.

சாய்ப்பதில் இரண்டு விதம். ஆண்டெனாவையே கம்பத்தில் சாய்த்துக் கட்டுவது மெக்கானிக்கல். உள்ளே இருக்கும் உறுப்புகளுக்குப் போகும் சிக்னலின் கட்டத்தை (ஃபேஸ்) மாற்றுவது எலெக்ட்ரிக்கல். முதல் வகையில் முன்பக்கம் இறங்கும்போது பக்கவாட்டில் அதே அளவு இறங்காது. பின்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். இரண்டாவதில் சுற்றிலும் ஒரே சீராக இறங்கும். அதனால் முடிந்தவரை எலெக்ட்ரிக்கல்தான் நல்லது. இப்போது அதை அலுவலகத்தில் உட்கார்ந்தே மாற்ற மோட்டார் இருக்கிறது.

ஆனால் உங்கள் பிரச்சினைக்கு இதில் ஒரு கசப்பான பகுதி உண்டு. கீழே நோக்கிச் சாய்த்த ஆண்டெனாவின் மேல்பக்கத்திலும் சின்னச் சின்னக் கற்றைகள் கசியும். 14வது மாடிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அந்தக் கசிவுதான். ஒவ்வொரு டவரிலிருந்தும் கசிவு, எதிலிருந்தும் முறையான கவரேஜ் இல்லை. தெருவுக்காகத் திட்டமிட்ட வலையமைப்பு மேல்மாடிக்குக் கொடுக்கும் இடம் அவ்வளவுதான்.

எல்டிஇயில் இன்னொரு சங்கதி, வெளியில் யாரும் பேசாதது, செல்லின் அடையாள எண். மொத்தம் 504 எண்கள். ஒவ்வொரு செல்லும் மில்லிநொடிக்கு மில்லிநொடி அனுப்பும் அடையாளச் சிக்னல்கள் எந்த இடத்தில் உட்காரும் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. இரண்டு ஆண்டெனா உள்ள செல்களில், எண்ணை மூன்றால் வகுத்தால் வரும் மீதி இரண்டுக்கும் ஒரே எண்ணாக இருந்தால் இரண்டு செல்களின் அடையாளச் சிக்னல்களும் ஒரே இடத்தில் மோதும். பக்கத்து செல்லில் ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும் போன் அளக்கும் தரம் கீழே விழும். ஒரு டவரின் மூன்று செக்டர்களுக்கும் (திசைக்கு ஒன்றாக உள்ள செல்கள்) மீதி 0, 1, 2 என்று வருமாறு எண் கொடுப்பார்கள். எதிரெதிரே பார்க்கும் இரண்டு டவர்களின் செக்டர்களுக்கும் மீதி வேறாக இருக்கிறதா என்று பார்ப்பதும் அதே அளவு அவசியம். செலவே இல்லாத திருத்தம் இது.

பெரிய டவருக்குக் கீழே சின்ன செல் வைத்தால் நிலைமை வேறு. பெரியது 40 வாட், சின்னது 1 வாட். இந்த 16 டெசிபல் வித்தியாசத்தால், பெரியதைவிடச் சின்ன செல்லுக்கு அருகில் நிற்பவரின் போன்கூடப் பெரியதைப் பிடித்துவிடலாம். சின்னதைக் கொஞ்சம் விருப்பத்தோடு தேர்ந்தெடுக்கும்படி போனுக்குச் சொல்லலாம், ஆனால் அப்படித் தேர்ந்தெடுத்தவர் பெரிய டவரின் இரைச்சலுக்கு நடுவே உட்கார வேண்டியிருக்கும். அதற்காக எல்டிஇ தரநிலையின் பத்தாவது வெளியீட்டில் பெரிய டவர் குறிப்பிட்ட சில மில்லிநொடிகளில் தரவு அனுப்பாமல் சும்மா இருக்கும் முறை வந்தது. அந்த இடைவெளியில் சின்ன செல் தன் விளிம்பில் இருப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும். பல டவர்கள் சேர்ந்து ஒரே போனுக்கு ஒத்திசைந்து அனுப்பும் முறையும் பதினோராவது வெளியீட்டில் வந்தது. காகிதத்தில் அது அற்புதம். நடைமுறையில், டவர்களுக்கு நடுவே தகவல் போய்ச் சேர்வதற்குள் போன் இருந்த சூழலே மாறிவிடுகிறது. ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒளியிழை வழியாக இயங்கும் டவர்களில்தான் அதற்கு உயிர் உண்டு.

5ஜி இதில் செய்த நல்ல காரியம், பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டது. எல்டிஇ செல் ஆளே இல்லாத நள்ளிரவிலும் ஒவ்வொரு மில்லிநொடியும் தன் அடையாளச் சிக்னலை அனுப்பிக்கொண்டிருக்கும். 5ஜியில் அந்தச் சிக்னல் இல்லை. செல்லைக் கண்டுபிடிக்க உதவும் தொகுப்பு வழக்கமாக 20 மில்லிநொடிக்கு ஒருமுறை போகிறது, அவ்வளவுதான். மற்றது ஆள் இருந்தால் மட்டும். கூடவே 64 ஆண்டெனா வாயில்கள் உள்ள பலகைகள், செக்டர் முழுக்கப் பொழியாமல் போன் இருக்கும் திசைக்கு மட்டும் மெல்லிய கற்றையை அனுப்புகின்றன. மேலும் கீழும் திருப்ப முடிவதால், 14வது மாடிக்கு என்றே ஒரு கற்றை வர முடியும்.

ஆனால் இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி சேவையில் முக்கியமான 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டை, அனுப்புவதையும் பெறுவதையும் ஒரே அலைவரிசையில் நேரம் பிரித்துச் செய்கிறது. ஒரு டவர் அனுப்பும் நேரத்தில் பக்கத்து டவர் கேட்டுக்கொண்டிருந்தால், அதன் காதுக்குள் நேராகக் கத்தியது போல் ஆகிவிடும். அதனால் எல்லா டவர்களும் ஜிபிஎஸ் போன்ற பொதுக் கடிகாரத்தை வைத்து, 3 மைக்ரோநொடிக்குள் ஒத்துப்போக வேண்டும். அப்போதும் கடலோரத்தில் ஒரு சிக்கல் மிச்சம். காற்று அடுக்குகளின் வெப்பநிலை ஏறுமாறாக அமையும் இரவுகளில் அலை தரையோடு ஒட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அங்கிருந்து தாமதமாக வந்து சேரும் சிக்னல், இங்கே டவர் போன்களைக் கேட்கும் நேரத்துக்குள் விழுந்துவிடும். சீனாவின் 4ஜி வலையமைப்பு இதில் கடுமையாக அடிபட்டது. 5ஜியின் பதினாறாவது வெளியீட்டில் இதைக் கண்டுபிடித்துச் சமாளிக்கத் தனி முறையே சேர்த்தார்கள்.

இதுவரை டவரிலிருந்து போனுக்கு வரும் பக்கத்தைத்தான் அதிகம் பேசினேன். மறுபக்கத்தில் கத்துவது நம் போன். விளிம்பில் இருக்கும் போன் தன் டவரை எட்ட முழு 200 மில்லிவாட்டில் அனுப்பும்போது பக்கத்து டவருக்கு அது இரைச்சல். அதனால் தொலைவில் இருக்கும் போனின் சிக்னல் வழியில் தேயும் இழப்பை முழுசாக ஈடுகட்ட விடாமல், ஒரு பகுதியை மட்டும் ஈடுகட்டும்படி 4ஜி, 5ஜி இரண்டிலும் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தைக் கெடுப்பதில் முதலிடம், கடைகளிலும் ஆன்லைனிலும் விற்கும் சிக்னல் பூஸ்டர்களுக்கு. உரிமம் இல்லாத பூஸ்டர் ஒன்று டவரின் மேல் ஓயாமல் இரைச்சலைக் கொட்டும், ஒரு செக்டரில் இருக்கும் அத்தனை பேரின் அழைப்பும் கெடும். சட்டப்படியும் அது குற்றம். உங்களுக்கு அது உதவவும் உதவாது. நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே பெருக்கும், விகிதம் அப்படியேதான் இருக்கும். தயவுசெய்து வாங்காதீர்கள்.

உங்களால் செய்யக்கூடியது என்னவென்றால், முதலில் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் செல் விவரம் காட்டும் செயலிகள் உண்டு; ஐபோனில் *3001#12345#* அழைத்தால் வரும். ஆர்எஸ்ஆர்பி -90ஐவிட நன்றாக (-80, -70 என்று) இருந்து, எஸ்ஐஎன்ஆர் 3க்கும் கீழே இருந்தால் காரணம் குறுக்கீடுதான். ஜன்னலோரம் போனால் நல்லது என்ற பழக்கத்தை மேல்மாடியில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டவர் தெரியும் பக்கத்து அறையில், கொஞ்சம் உள்ளே தள்ளி நின்றால், மற்ற டவர்களை உங்கள் சுவர்களே தடுத்துவிடும். குரல் அழைப்புக்கு வைஃபை காலிங் போட்டுக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கும்போது "சிக்னல் இல்லை" என்று எழுதினால் யாரோ வந்து கோடுகளைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். மாடி, எந்தத் திசை, எஸ்ஐஎன்ஆர் எவ்வளவு, எந்தெந்த செல் எண்களுக்கு நடுவே போன் தாவுகிறது என்று எழுதுங்கள். அது நேராக ஆப்டிமைசேஷன் பொறியாளரின் மேசைக்குப் போகும்.

நிலையான தீர்வு கட்டடத்துக்குள்ளேயே ஆண்டெனா போடுவதுதான். மேல்மாடிகளுக்கு வெளி டவர்கள் பயன்படுத்தாத ஓர் அலைவரிசையை ஒதுக்கி உள்ளே கொடுத்தால் பிரச்சினை அடியோடு தீரும். ஒரு குடும்பம் கேட்டால் நடக்காது, குடியிருப்போர் சங்கம் கேட்டால் நடக்க வாய்ப்பு உண்டு. கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்குத் தரமதிப்பீடு வழங்கும் விதிமுறைகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024இல் கொண்டுவந்திருக்கிறது. சங்கக் கூட்டத்தில் அதைச் சொல்லி, கேபிள் போகும் வழியையும் மொட்டைமாடியில் அல்லது அடித்தளத்தில் ஒரு சிறிய அறையையும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாகத் திறந்துவிடச் சம்மதம் வாங்குங்கள். ஒரே நிறுவனத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டால், மற்ற சிம் வைத்திருப்பவர்கள் இதே கேள்வியோடு திரும்ப வருவார்கள்.